எதற்காக என்னும் கேள்வி: நாடா, கூடு, விரல்

ஆரணியில் வயதான பட்டு நெசவாளி ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்த காலம் பற்றிப் பேச்சு வந்தது. 'சின்ன விரல் தம்பி. அறுந்த இழைய முடியறதுக்குன்னே படைச்ச மாதிரி' என்றார். அவரும் எட்டு வயதில் தறிக்குழியில் இறங்கியவர்தான். ஆனால் அந்த 'முடியறதுக்குன்னே' என்பதைச் சும்மா விட முடியவில்லை.

நாடாவின் முனைகள் ஏன் கூர்ந்திருக்கின்றன? பாவு இழைகளுக்கிடையே சிக்காமல் ஓட. சரியான விளக்கம். அந்த நோக்கத்தை மனத்தில் வைத்து ஒருவர் அதைச் செய்திருக்கிறார்.

பட்டுக்கூடு எதற்கு? உள்ளிருக்கும் கூட்டுப்புழுவைக் காக்க. இங்கே செய்தவர் யாருமில்லை. அரிஸ்டாட்டில் இயற்கைக்குள்ளேயே நோக்கத்தைக் கண்டார். 1859இல் டார்வின் வேறு வழி காட்டினார்: கூடு கட்டியவற்றின் சந்ததி அதிகம் பிழைத்தது, கூடு நிலைத்தது. 'காக்க' என்பது அந்த நீண்ட வரலாற்றின் சுருக்கம். லாரி ரைட் 1973இல் இதைத் தெளிவாக்கினார்: ஒரு பொருளின் விளைவே அது அங்கிருப்பதற்குக் காரணமாகவும் இருந்தால்தான் அது அதன் செயற்பாடு. மற்றதெல்லாம் வெறும் பயன்.

அப்படியானால் பட்டு நமக்காகவா? கூடு தோன்றியது நமக்காக அல்ல. ஆனால் வளர்ப்புப் பட்டுப்பூச்சியின் கூடு பருத்ததும் அதன் சிறகு பறக்க உதவாமல் போனதும், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர் பொறுக்கி வளர்த்ததன் விளைவு. பூச்சி துளைத்து வெளியேறினால் கிலோமீட்டர் நீள ஒற்றை இழை அறுந்துபோகும் என்று, உள்ளேயே அதைச் சூட்டில் கொல்கிறோம்.

இனி விரல். பிள்ளையின் விரல் சிறிதாயிருப்பது அது இன்னும் வளராததால். முடிச்சுப் போட உதவியிருக்கலாம். அந்த உதவியால் அது சிறிதாகவில்லை. அந்தப் பயன் எதையாவது விளக்குகிறது என்றால், பிள்ளையை ஏன் அங்கே உட்கார வைத்தார்கள் என்பதைத்தான். அதிலும் குறைந்த கூலியும் வாங்கிய முன்பணமும் சேர்ந்தே விளக்க வேண்டும். மனிதர் எடுத்த முடிவை உடம்பின் மேல் எழுதிவிடும் தந்திரம் இது. காலில் பிறந்தவன் ஊழியத்துக்கு என்ற வருணக் கதையும், பொறுமை பெண்ணின் இயல்பு என்பதும் இதே வகை.

2016இன் திருத்தச் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று விலக்கும் வைத்தது. அந்த வாசலில் சின்ன விரல் வாதம் இன்னும் நிற்கிறது.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கையை விரித்துப் பார்த்தார். 'இந்தத் தடிச்ச விரலும் இன்னிக்கு வரைக்கும் முடிஞ்சுகிட்டுதானே தம்பி இருக்குது' என்றார்.