குளிர்சாதனப் பெட்டியும் மின்சாரக் கணக்கும்

சித்திரை, வைகாசி மாதங்களில் நம் கரிசல் பூமியில் அடிக்கும் வெயிலைப் பற்றி ஆமத்தூர் வட்டாரத்து அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் அரைத்து வைத்த மாவு மாலைக்குள் புளித்துப் பொங்கிவிடுகிறது. காய்ச்சிய பால் கண்மூடித் திறப்பதற்குள் திரிந்துவிடுகிறது. ஆகவே, ஒரு காலத்தில் பட்டணத்துச் செல்வர் வீட்டு அலங்காரமாக இருந்த குளிர்சாதனப் பெட்டி, இன்று விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கிராமங்களில் நெசவாளர் வீட்டிலும் விவசாயி வீட்டிலும் இடம் பெற்றுவிட்டது. 1958-ஆம் ஆண்டில் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே இப்பெட்டியைச் செய்யத் தொடங்கியபோது இப்படி ஒரு நிலை வருமென்று எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்?

ஆனால் வாங்குவோரில் பலர் கடைக்காரர் சொல்லும் விலையை மட்டுமே விலை என்று கருதுகின்றனர். குளிர்சாதனப் பெட்டிக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று கடையில் ஒரே தடவை கொடுப்பது; மற்றொன்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இரு மாதத்திற்கொருமுறை மின்கட்டணத்தோடு கொடுப்பது. வீட்டிலுள்ள மற்ற சாதனங்களைத் தேவையற்றபோது நிறுத்தி வைக்கிறோம். இப்பெட்டி ஒன்றுதான் இரவு பகல் இணைப்பிலேயே இருப்பது. எனவே இரண்டாவது விலையைக் கணக்கிடாமல் வாங்குவது, நூலின் நம்பர் பாராமல் பாவு வாங்குவதற்கு ஒப்பாகும்.

அந்தக் கணக்கைப் போட வழி இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி 2002 மார்ச்சில் மத்திய அரசு எரிசக்தித் திறன் பணியகத்தை அமைத்தது. இப்பணியகம் 2006-இல் நட்சத்திர முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் அம்முத்திரையில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் இருக்கும். மக்கள் நட்சத்திரத்தை எண்ணுகிறார்களே தவிர, அதனருகில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிப்பதில்லை. ஆண்டொன்றுக்கு இத்தனை யூனிட் என்று குறித்திருக்கும் அந்த எண்ணே முக்கியமானது. நட்சத்திரம் என்பது ஒரே வகையும் ஒரே அளவும் கொண்ட பெட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு ஏற்பட்டது. ஐந்து நட்சத்திரமுள்ள பெரிய பெட்டி, மூன்று நட்சத்திரமுள்ள சிறிய பெட்டியைவிட அதிக மின்சாரம் இழுக்கக் கூடும். மேலும் இந்த அளவுகோலைப் பணியகம் அவ்வப்போது கடுமையாக்கி வருகிறது. 2023 ஜனவரியில் அவ்வாறு மாற்றியது. ஆகவே பழைய ஆண்டின் ஐந்து நட்சத்திரம் புதிய ஆண்டின் ஐந்து ஆகாது. முத்திரையிலுள்ள ஆண்டையும் பார்த்தே வாங்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்று ஆண்டுக்கு 140 யூனிட்டும் மற்றொன்று 200 யூனிட்டும் செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 60 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 300 ரூபாய். பத்தாண்டில் 3,000 ரூபாய். சிக்கனமான பெட்டியின் விலை 4,000 ரூபாய் அதிகமென்றால் அந்தப் பணம் திரும்பி வராது. ஆனால் மின்சாரச் செலவு மிகுதியாகி யூனிட்டுக்கு 9 ரூபாய் என்ற படிநிலையில் இருக்கும் வீட்டுக்கு அதே 60 யூனிட் ஆண்டுக்கு 540 ரூபாய், பத்தாண்டில் 5,400 ரூபாய் ஆகிறது. அங்கே விலை உயர்ந்த பெட்டியே லாபம். ‘ஐந்து நட்சத்திரமே எல்லாருக்கும் நல்லது’ என்று விற்பனையாளர் கூறுவதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள கடைசி மின்கட்டண ரசீதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நலம்.

2016-ஆம் ஆண்டில் தமிழக அரசு வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணத்தை நீக்கியது. 2023-இல் கைத்தறியாளருக்குரிய இலவச மின்சாரத்தை இரு மாதத்திற்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆகவும், விசைத்தறியாளருக்கு 750-இலிருந்து 1,000 ஆகவும் உயர்த்தியது. இச்சலுகைகள் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் உதவவே வந்தவை. அவற்றை ஒரு பழைய பெட்டி விழுங்கிவிட இடங்கொடுக்கலாகாது.

பழைய பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நகரத்தில் கழித்துக் கட்டிய பெட்டிகள் மறுவிற்பனைக் கடைகள் வழியாகக் கிராமங்களுக்கு வருகின்றன. சில ஆயிரத்தில் கிடைப்பதால் கூலிக்கு நெய்யும் குடும்பங்களுக்கு ஆசை எழுவது இயல்பே. கதவு ரப்பர் தளர்ந்து, உள்ளிருக்கும் நுரைக்காப்பு நைந்துபோன பெட்டி நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் இழுத்தால், இரு மாதத்தில் 90 யூனிட் ஆகிறது. இலவசமாகக் கிடைத்த 100 யூனிட்டில் விளக்குக்கும் விசிறிக்கும் மிஞ்சுவது பத்தே யூனிட்! நாளொன்றுக்கு 0.4 யூனிட் இழுக்கும் புதிய சிறு பெட்டிக்கு அதே காலத்தில் 24 யூனிட் போதும். வித்தியாசம் ஆண்டுக்கு 396 யூனிட். 5 ரூபாய் வீதம் 1,980 ரூபாய். மலிவாய்க் கிடைத்ததில் மிஞ்சிய பணம் எத்தனை ஆண்டு தாங்குமென்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே வீட்டில் பழைய பெட்டி இருந்தால் அதைச் சோதிப்பதும் எளிது. குடும்பத்தோடு வெளியூர் போகும் நாளில் மற்றவை அனைத்தையும் நிறுத்திவிட்டு, புறப்படும்போதும் திரும்பியதும் மீட்டரைக் குறித்துக்கொண்டால் உண்மை தெரிந்துவிடும்.

வகையைப் பற்றி ஒரு வார்த்தை. பனி உறையாத பெட்டியில் விசிறியும், உறைந்த பனியை உருக்கும் சூடேற்றியும் தாமாக இயங்குவதால் மின்சாரம் கூடுதலாகும். நான்கைந்து பேருள்ள குடும்பத்துக்கு, பனியை நாமே உருக்கிக்கொள்ளும் ஒற்றைக் கதவுப் பெட்டி பெரும்பாலும் போதும். அதில் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ளது கிடைத்தால் நல்லது. தேவைக்குத் தக்கபடி அது வேகத்தைக் குறைத்து ஓடும்.

இனி பெட்டியை எங்கே வைப்பது? குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயுள்ள உஷ்ணத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. வெளியே தள்ள இடமில்லாவிட்டால் கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடும். சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். அடுப்பங்கரையும், மேற்கு வெயில் காயும் சுவரும் ஆகாத இடங்கள். கதவைத் திறந்து மூடுவதால் வரும் நஷ்டத்தைவிட, சுற்றுப்புறச் சூடு பெட்டியின் சுவர் வழியாக இரவு பகலாய் உள்ளே கசிவதால் வரும் நஷ்டம் பெரிது. தறி ஓடும் வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. பறக்கும் பஞ்சுத் தூசி பெட்டியின் பின்புறக் கம்பிவலையில் படிந்து, போர்வை போர்த்தியது போல் ஆகிவிடுகிறது. மாதம் ஒருமுறை இணைப்பை எடுத்துவிட்டு மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். பின்புறம் வலை இல்லாத புதிய மாதிரிகளில் உஷ்ணம் பக்கச் சுவர்கள் வழியாக வெளியேறும். அவற்றுக்குப் பக்கங்களிலும் இடம் விட வேண்டும்.

ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மான்ட்ரியலில் ஏற்பட்ட உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. அதன் பயனாகப் பழைய வாயுக்கள் நீங்கின. இன்றைய பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்னும் வாயு நிரப்பப்படுகிறது. பின்புறத் தகட்டில் ஆர்600ஏ என்று குறித்திருக்கும். இது வான்வெளிக்குத் தீங்கு செய்யாதது. ஆனால் தீப்பற்றக் கூடியது. பெட்டிக்குள் இருப்பது சில பத்துக் கிராம்தான் என்பதால் அஞ்ச வேண்டாம். எனினும் உறைந்த பனியைக் கத்தியால் கொத்திக் குழாயைத் துளைத்துவிடக் கூடாது. பனி கால் அங்குலம் கனமானதும் பெட்டியை நிறுத்தித் தானாக உருக விடுவதே முறை. நம் பகுதிக்கு மட்டும் உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பெட்டியினுள் சுவிட்சும் ரிலேயும் சிறு பொறி எழுப்பக் கூடும். ஆகையால் தீப்பெட்டிக் கட்டுகளை அதன்மேலோ பின்னாலோ அடுக்கி வைக்கலாகாது. வெடிமருந்து எதுவும் வீட்டுக்குள்ளேயே வரலாகாது என்பது தெரிந்ததே.

உபயோகத்தில் சில குறிப்புகள். உள்ளே 4 டிகிரி வெப்பநிலை இருந்தால் போதும்; திருகை உச்சத்தில் வைப்பது வீண். குழம்பை ஆற வைத்து, மூடி வைக்க வேண்டும். மூடாத பாத்திரத்தின் ஈரமே பனியாக உறைகிறது. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் தடையின்றி வந்துவிடுமானால் ரப்பரை மாற்ற வேண்டும். இரவில் பெட்டியை நிறுத்தி வைத்துச் சிக்கனம் செய்வோர் சிலர் உண்டு. அதனால் மிச்சமாவது சொற்பம். கெட்டுப்போகும் பாலும் மாவும் அதைவிட அதிகம். மின்தடை நீங்கியதும் ஐந்து நிமிடம் பொறுத்தே இணைப்புக் கொடுக்க வேண்டும். இல்லையேல் கம்ப்ரஸர் பழுதாகும்.

இன்சுலின் மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் நடுத்தட்டில் வைக்க வேண்டும். கதவுத் தட்டில் சூடு ஏறி இறங்கும். உறைபகுதியருகே வைத்து உறைந்துவிட்டால் மருந்து பயனற்றுப்போகும். விதை சேமிக்கும் விவசாயிகளும் பெட்டியால் பயன் பெறலாம். சுமார் 5 டிகிரி உஷ்ணம் குறையுந்தோறும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கிறது. ஆனால் நன்றாக உலர்த்திக் காற்றுப் புகாத புட்டியில் அடைத்தால்தான் இப்பயன். ஈர விதை உள்ளேயே பூசணம் பிடித்துவிடும். வெங்காயம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம் ஆகியவற்றுக்கு இப்பெட்டி தேவையே இல்லை.

புதியது வாங்கும்போது பழையதைக் கடையிலேயே மாற்றாகக் கொடுத்துவிடலாம். அவ்வாறின்றிக் கொல்லையில் போட்டு வைப்பதானால், முதலில் அதன் கதவைக் கழற்றிவிட வேண்டும். விளையாடும் குழந்தை உள்ளே புகுந்து கதவு மூடிக்கொண்டால் மூச்சுவிட வழியிராது.