உடற்பருமனும் உளநலனும்

முன்னுரை

உடற்பருமன் குறித்த உரையாடல் பெரும்பாலும் நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. அதனோடு வாழும் பெரியவர்களின் உளநலன் போதிய கவனம் பெறுவதில்லை. மலேசியாவின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, 2019இல் பெரியவர்களுள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2023இல் இது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியரிடையே இவ்விகிதம் பிற இனத்தாரைவிட மிகுதியாகக் காணப்பட்டது. எனவே, இது நம் சமூகத்தின் சிக்கலுமாகும்.

இருவழித் தொடர்பு

பல நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த பகுப்பாய்வு ஒன்று, உடற்பருமன் உடையோர் பின்னாளில் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு ஏறத்தாழ 55 விழுக்காடு கூடுதல் என்றும், மனச்சோர்வுற்றோர் பருமனடையும் வாய்ப்பு ஏறத்தாழ 58 விழுக்காடு கூடுதல் என்றும் கண்டறிந்தது. மனச்சோர்வு உறக்கத்தையும் உடலியக்கத்தையும் குலைக்கிறது. சிலர் ஆறுதலை உணவில் தேடுகின்றனர். எடை கூடக்கூடத் தன்மதிப்புக் குறைகிறது.

சொல்லும் வடுவும்

இச்சுழற்சியை மேலும் இறுக்குவது ஏளனம். திருவிளையாடற் புராணத்துக் குண்டோதரன், மீனாட்சி திருமணத்தில் சமைத்த உணவனைத்தையும் உண்டும் பசி தீராதவன். அப்பெயர் ஒருவருக்குப் பட்டப்பெயராகும்போது, பருமனுக்குப் பேருண்டியே காரணம் என்னும் தீர்ப்பும் உடன் வந்துவிடுகிறது. உண்மையில் மரபணு, உறக்கக் குறைவு, சில மருந்துகள், பணிச்சூழல், மலிவான கொழுப்புணவு எனக் காரணங்கள் பல. திருமண வீட்டில், "என்ன, இப்படி உடம்பு போட்டுவிட்டீர்கள்?" என்பது நலம் விசாரிப்பாகவே கேட்கப்படுகிறது. கேட்கப்பட்டவரோ அடுத்த விருந்துக்கு வரத் தயங்குகிறார். இவ்வாறான சொற்களைத் தொடர்ந்து கேட்பவர், காலப்போக்கில் அவற்றைத் தாமே நம்பத் தொடங்குகிறார். மருத்துவரை நாடவும் பொதுவிடத்தில் உடற்பயிற்சி செய்யவும் கூசுகிறார். திருத்துவதாக எண்ணிச் செய்யப்படும் ஏளனம், உதவி பெறும் வழியையே அடைத்துவிடுகிறது. இத்தகைய இழிவுபடுத்தலைக் கைவிட வேண்டும் எனப் பன்னாட்டு வல்லுநர்கள் 2020இல் கூட்டறிக்கை வெளியிட்டனர்.

முடிவுரை

உளநல ஆலோசனையும் மருத்துவமும் இணைந்து வழங்கப்படுவது இன்றியமையாதது. மொழியாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. 'குண்டர்' என்று ஒருவரை அடையாளப்படுத்தாமல், 'உடற்பருமனுடன் வாழ்பவர்' எனக் குறிப்பது வெறும் சொல்மாற்றம் அன்று. நோயையும் மனிதரையும் வேறுபடுத்திக் காணும் பார்வையாகும். குண்டோதரன் கதையைக் கற்பிக்கும் நாளில், அப்பெயர் எந்த மாணவர்மீதும் ஒட்டிக்கொள்ளாதவாறு ஆசிரியர் காத்தல் வேண்டும். வகுப்பறையில் ஒட்டிய பெயரைப் பெரியவராகியும் சுமப்போர் பலர்.