எடை குறைந்த அலாய் வீல்: காசுக்குப் பலன் உண்டா?

கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே, எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய பந்தயத் தளம். மாருதி எஞ்சினைப் பொருத்திக் கட்டுப்படியாகிற செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஓடச் செய்தவர் அவர். 1995-ல் விமான விபத்தில் இறந்தார். பத்தாண்டு கழித்து, 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவையில் வளர்ந்தவர்தான். இப்படியொரு ஊரில் வீல் எடையைப் பற்றிய பேச்சு டயர் கடை பெஞ்சு வரைக்கும் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. "டிஸ்க்கைக் கழட்டிட்டு அலாய் போட்டுருங்க. வெயிட்டு கம்மி, பிக்கப் தூக்கும், மைலேஜும் ஒண்ணு ரெண்டு ஏறுமுங்க." கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் கார் வைத்திருப்பவர்களில் இதைக் கேட்காதவர் குறைவு.

இந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. அது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

சக்கரம் வண்டியோடு முன்னே நகர்கிறது, கூடவே தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. அதனால் சக்கரத்தில் குறையும் ஒரு கிலோ, வண்டி வேகமெடுக்கும்போது டிக்கியில் குறையும் ஒரு கிலோவைவிடக் கூடுதலாகக் கணக்கில் வரும். அந்த எடை முழுவதும் டயரின் வெளி விளிம்பில் இருந்தால் இரண்டு மடங்கு. ரிம் அதற்கு உள்ளே அடங்கியிருப்பதால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. "வீலில் ஒரு கிலோ குறைத்தால் வண்டியில் பத்து கிலோ குறைத்த மாதிரி" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

வீலுக்கு இரண்டு கிலோ குறைகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாலு வீலுக்கு எட்டு கிலோ. சுற்றுவதையும் சேர்த்தால் பன்னிரண்டு கிலோவுக்குச் சமம். ஆட்களோடு ஆயிரத்து நூற்றைம்பது கிலோ வருகிற ஒரு சிறிய காரில் அது நூற்றில் ஒரு பங்கு, அதாவது பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளின் புத்தகப் பை இல்லாமல் போவதைப்போல. எரிபொருளுக்கு வருவோம். காரில் 100 கிலோ குறைந்தால் 100 கிலோமீட்டருக்கு அதிகபட்சம் அரை லிட்டர் மிச்சமாகும் என்பது பொதுவான மதிப்பீடு. அந்த உச்ச அளவையே எடுத்தாலும் பன்னிரண்டு கிலோவுக்கு மிச்சம் 0.06 லிட்டர். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 0.6 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்றால் அறுபது ரூபாய். வீல் செட்டுக்கு நாற்பதாயிரம் கொடுத்தவர் அதை மைலேஜிலேயே எடுக்க ஐம்பத்தைந்து வருடம் ஓட்ட வேண்டும். கணக்குப் பார்த்தே செலவழிக்கிற கொங்கு நாட்டில் இந்தக் கணக்கை மட்டும் யாரும் கடை வாசலில் போட்டுப் பார்ப்பதில்லை.

அந்த மிச்சமும் வீல் உண்மையிலேயே எடை குறைவாக இருந்தால்தான். அலுமினியம் எஃகைவிட லேசானது என்பது உலோகத்துக்குப் பொருந்தும், வீலுக்கு எப்போதும் பொருந்தாது. அச்சில் வார்க்கும் சாதாரண அலாய்க்குப் பலம் வர வேண்டுமென்றால் தடிமன் வேண்டும். 14 அங்குல எஃகு டிஸ்க்கைவிடக் கனமான 16 அங்குல அலாய்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. உண்மையான எடைக் குறைப்பு, அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு வீலிலும், வார்த்த பிறகு ரிம் பகுதியை உருட்டி மெலிதாக்கும் ஃப்ளோ ஃபார்மிங் வீலிலும்தான் கிடைக்கும். விலையும் அதற்கேற்றபடி ஏறும். இதற்குக் கேட்லாக் தேவையில்லை. பழைய டிஸ்க்கையும் புது அலாயையும், டயர் மாட்டுவதற்கு முன், ஒரு தராசில் வைத்தால் போதும். அதற்குச் சம்மதிக்காத கடையில் எடையைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

பெரும்பாலோர் எடைக்காக வீல் மாற்றுவதில்லை, அழகுக்காகத்தான் மாற்றுகிறார்கள். அதில் தவறும் இல்லை. சிக்கல், அழகு பெரும்பாலும் பெரிய அளவோடு சேர்ந்தே வருவதில்தான். மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் கீழ் ரகங்களுக்கு 165/80 ஆர்14, மேல் ரகத்துக்கு 185/65 ஆர்15 டயர் வந்தது. இரண்டின் மொத்த உயரமும் 620 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். கடையில் 195/55 ஆர்16 போட்டாலும் உயரம் மாறாது. ஆனால் டயரின் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டரிலிருந்து 107-க்கு இறங்கிவிடும். குழியில் இறங்கும்போது முதல் அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான். அதில் ஓர் அங்குலம் போய்விட்டால் மிச்ச அடி ரிம்முக்கு.

உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர் நீளும் ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் மட்டுமே ஓட்டுகிறவருக்கு இது கவலையில்லை. பாதாளச் சாக்கடைக்கும் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்கும் தோண்டி மூடிய தெருக்களில் தினமும் போய் வருகிறவருக்குக் கவலைதான். எஃகு டிஸ்க் பள்ளத்தில் அடிபட்டால் வளையும், பஞ்சர் கடையில் அடித்து நிமிர்த்தி அன்றைக்கே வீடு வந்துவிடலாம். வார்த்த அலாய் வளைவதைவிட விரிசல் விடுவதே அதிகம். விரிசலை வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்பவர்கள் உண்டு. அலாய் வீலுக்குப் பலம் தருவது வார்த்த பிறகு செய்யும் வெப்பப் பதப்படுத்தல். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அது போய்விடும். ஓரத்தில் விழுந்த கீறலைச் சரிசெய்யலாம், ஸ்போக்கில் வந்த விரிசலை அல்ல. அந்த வீலைத் திரும்ப ரோட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

மலைப்பாதைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, திம்பத்தில் 27. திறப்பு அதிகமுள்ள அலாய் வழியே பிரேக்குக்குக் காற்று நன்றாகப் போகும். லேசான வீல் கரடுமுரடான தார் ரோட்டில் சஸ்பென்ஷனின் சொல்லைக் கேட்கும். இந்த வித்தியாசத்தை நல்ல ஓட்டுநர் உணர்வார். இறக்கத்தில் இரண்டாம் கியரில் வராமல் பிரேக்கையே மிதித்து வருகிறவரை எந்த வீலும் காப்பாற்றாது.

அடுத்தது பொருத்தம். ஆபத்து ஒளிந்திருப்பது இங்கேதான். போல்ட் துளைகளின் வட்ட அளவு சரியாக இருந்தால் போதும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஸ்விஃப்ட்டுக்கு நாலு துளை, 100 மில்லிமீட்டர் வட்டம். அதே அளவில் நூற்றுக்கணக்கான டிசைன்கள் கிடைக்கும். ஆனால் அதன் நடு ஹப் 54.1 மில்லிமீட்டர். வெளிச்சந்தை வீல்கள் பல கார்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று பெரிய நடுத்துளையோடு வரும். இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடாமல் மாட்டினால் வீல் நட்டின் பிடியில் மட்டுமே நிற்கும். எத்தனை முறை பேலன்சிங் பார்த்தாலும் எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறும். ஆஃப்செட் மாறி வீல் வெளியே தள்ளி நின்றால் பார்க்க அகலமாக, மிடுக்காக இருக்கும். பாரம் பேரிங்கில் ஏறும், ஸ்டியரிங்கின் குணம் மாறும், டயர் ஃபெண்டரில் உரசும். நட்டின் சாய்வுகூட வீலுக்கு வீல் மாறும். ஒவ்வொரு வீலின் சுமைத் திறனும் அச்சின் அனுமதிக்கப்பட்ட எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. டயரிலும் இதே கதைதான்: சுமைக் குறியீடு 88 என்றால் 560 கிலோ, 87 என்றால் 545. கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த எண்கள் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் இருக்கும்.

வீலின் பலத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வார்ப்புத் தொழிலுக்குப் பேர்போன கோவையில் இதை விளக்கவே வேண்டியதில்லை. மேலே பளபளவென்று பெயின்ட், உள்ளே புளோ ஹோல் எனும் காற்றுக் குமிழி என்றால் என்ன ஆகும் என்று எந்த ஃபவுண்டரித் தொழிலாளியும் சொல்வார். அதனால்தான் வளைவுகளில் விழும் விசையைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்க்கும் சோதனை, சுமையோடு டிரம்மில் ஓட்டும் சோதனை, சாய்த்து வைத்த வீல் மேல் எடையை விழவிடும் மோதல் சோதனை என்று வீலுக்கு வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் வெளிச்சந்தை வீலுக்கு அரசு ஒப்புதல் எண் வேண்டும். ஜப்பானில் ஜே.டபிள்யூ.எல். முத்திரையைத் தயாரிப்பாளரே பொறித்துக்கொள்ளலாம், வி.ஐ.ஏ. முத்திரைக்குத் தனி அமைப்பு சோதிக்க வேண்டும். இந்தியாவில் மத்திய அரசு 2020-ல் வெளியிட்ட தரக் கட்டுப்பாட்டு ஆணை வாகன வீல் ரிம்முக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது, அலாய்க்கான தரம் ஐ.எஸ். 16192. முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் உரிமம் யாருக்குத் தரப்பட்டது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். முத்திரை இல்லாத, பொய் முத்திரை குத்திய சரக்கை அதே செயலியில் புகார் செய்யலாம்.

அலாய் மாட்டினாலே குற்றமா? 2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு அடிப்படை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தக் காரின் ஏதாவது ஒரு ரகத்துக்குக் கம்பெனியே தருகிற அளவில், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, உடலுக்கு வெளியே நீட்டாமல் இருக்கும் வீலுக்கு இதில் பயப்பட இடமில்லை. ஃபெண்டரைத் தாண்டி நிற்பதும், கம்பெனி எந்த ரகத்துக்கும் தராத அளவும் வேறு விஷயம். வாளையாறைத் தாண்டிப் பாலக்காடு, திருச்சூர் போகிறவர்கள் கூடுதலாகவே யோசிப்பது நல்லது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் 'இ-புல் ஜெட்' யூடியூபர்களின் மாற்றியமைத்த வேனைக் கேரள மோட்டார் வாகனத் துறை பிடித்த செய்தி இந்தப் பக்கமும் நன்றாகவே பரவியது.

இன்ஷூரன்ஸ் பக்கம் பயமுறுத்தலும் அலட்சியமும் சரிபாதி. விபத்தில் அடிபட்ட மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை மறுக்கச் சட்டம் அனுமதிக்கும் காரணங்கள் சிலவே, வீல் மாற்றம் என்று அதில் தனியாக எதுவும் இல்லை. சொந்த வண்டிச் சேதம் அப்படியல்ல. அலாயை நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, அதன் மதிப்பைப் பாலிசியில் சேர்த்துப் பிரீமியம் கட்டினால்தான் அதற்குப் பணம் வரும். சேர்க்காதவருக்கு நாற்பதாயிரம் ரூபாய் வீல் கணக்கிலேயே இருக்காது. வண்டிக்கு ஒன்றும் ஆகாமல் டயர் மட்டும் கிழிந்தால் சாதாரண பாலிசி தராது, வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் டயருக்குப் பாதி விலை. கோரிக்கையை நிராகரித்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ திருப்தியில்லையென்றாலோ சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம், கட்டணமில்லை. சர்வீஸ் சென்டரில் "அலாய் மாட்டிட்டீங்க, வாரண்டி போச்சு" என்றால், எந்தப் பழுது வீலால் வந்தது, வாரண்டிப் புத்தகத்தின் எந்த விதி என்று ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். பேரிங்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் அவர்கள் சொல்வது எடுபடலாம். ஏசி கம்ப்ரஸருக்கும் வீலுக்கும் என்ன சம்பந்தம்?

கடையோடு வருகிற தகராறு எல்லாமே பில்லில் போய் நிற்கும். "பில் இல்லாம வாங்குனா ஜி.எஸ்.டி. மிச்சமுங்க" என்ற சலுகை கொங்கு வியாபாரத்தில் புதிதல்ல. வாகன உதிரி பாகங்களுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 விழுக்காடாக இறங்கிவிட்டது. அந்த மிச்சமும் சுருங்கிவிட்டது. பில் தர மறுப்பதையே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் எழுதி வைத்திருப்பது இதை மாற்றாது. பில்லில் வீலின் பிராண்டு, அளவு, ஆஃப்செட், உரிம எண் நான்கையும் எழுதி வாங்க வேண்டும். எடை குறையும் என்று சொல்லி விற்றால் அந்த எடையையும்.

பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம், பல புகார்கள் அங்கேயே முடிகின்றன. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வீல் பெங்களூரிலிருந்து ஆன்லைனில் வந்திருந்தாலும், வாங்கியவர் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. வீல் உடைந்து காயமோ வேறு சேதமோ ஆகியிருந்தால் விற்றவரிடம் மட்டுமல்ல, தயாரித்தவரிடமும் இழப்பீடு கேட்க இந்தச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது.

அதற்கு உடைந்த வீல் கையில் இருக்க வேண்டும். "பழசைக் கொடுத்துட்டு புதுசு எடுத்துக்குங்க" என்று கடைக்காரர் வாங்கி வைத்துவிட்டால் சாட்சியும் அவரோடு போய்விடும். பொருளைச் சீல் வைத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு 38-ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. விரிசலைத் துடைக்காமல், தேய்க்காமல், அன்றைய தேதியோடு படமெடுத்து, டயரோடு சேர்த்தே ஒரு சாக்கில் கட்டி வைத்துவிட வேண்டும்.