பல்வலி நின்றுவிட்டால் நோய் தீர்ந்துவிட்டதா?

கன்னத்தைக் கையால் தாங்கியபடி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அடிக்கடி காண்கிறேன். விசாரித்தால், "உம்மா பெனடோல் தந்த சேர், இப்ப வலிக்கல்ல" என்பார்கள். வலி இல்லாவிட்டால் நோயும் இல்லை என்ற இந்த எண்ணம், பல் வேரைச் சுற்றி ஏற்படும் அழற்சியில் மிகவும் ஆபத்தானது.

இவ்வழற்சி பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, பற்சூத்தை. சூத்தை ஆழமாகி உள்ளே இருக்கும் நரம்பை அடைந்ததும், கிருமிகள் வேரின் நுனி வழியாகத் தாடை எலும்பை எட்டுகின்றன. மற்றையது, முரசு. பல்லடியில் படியும் காரை முரசை வீங்கச் செய்து, வேரைத் தாங்கும் எலும்பை அரிக்கிறது. துலக்கும்போது இரத்தம் கசிதல், வாய் நாற்றம், பல் ஆடுதல் என்பன இதன் அறிகுறிகள். புகைத்தலும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் இதை மோசமாக்கும்.

வேர் நுனி அழற்சி திடீரெனத் தீவிரமானால் கடிக்கும்போது கடும் வலி, அந்தப் பல் மட்டும் உயர்ந்திருப்பது போன்ற உணர்வு, கன்ன வீக்கம், காய்ச்சல் ஏற்படலாம். நாட்பட்ட நிலையில் வலியே இல்லாதிருக்கலாம். நரம்பு இறந்துவிட்டதே அந்த அமைதிக்குக் காரணம். பல் கறுக்கலாம், முரசில் சிறு கொப்புளம் தோன்றிச் சீழ் வடியலாம். சிலருக்கு எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியவரும்.

பாமசியில் வாங்கும் அன்டிபயோட்டிக் இதைக் குணப்படுத்தாது. இறந்த நரம்பில் இரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேர்வதில்லை. பல் வைத்தியர் வேர்க்குழாயைத் திறந்து, சுத்தம் செய்து, அடைக்க வேண்டும். காப்பாற்ற முடியாத பல்லைப் பிடுங்க நேரிடும். முரசு வழியாக வந்ததென்றால் காரையை அகற்றி வேரின் மேற்பரப்பைச் சுத்தம் செய்வார்கள். தாடைக்குக் கீழே வீக்கம் பரவி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அது உயிராபத்து.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறு வயதளவில், பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் விழுந்து முளைக்கும் பல் அல்ல. பாற்பல் என்று நினைத்து அதன் சூத்தையை விட்டுவிட்டால், பிள்ளை ஆயுள் முழுவதும் பாவிக்க வேண்டிய பல் போய்விடும்.

நோன்பு முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரும் உள்ளனர். தொண்டைக்குள் எதையும் விழுங்காதவரை பல்லைத் துளைப்பதோ பிடுங்குவதோ நோன்பை முறிக்காது என 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி தீர்மானித்துள்ளது. ஐயமிருந்தால் உங்கள் ஊர் உலமாவிடம் கேளுங்கள்.

மிஸ்வாக்கை வலியுறுத்திய நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். வாய்ச் சுத்தத்தை வணக்கத்தோடு இணைத்துப் பார்க்கும் நாம், பல்லின் நோயையும் அலட்சியப்படுத்தலாகாது. அரசாங்க வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவுகளில் இலவசமாகவே காட்டலாம். வலி நின்ற பிறகும் போய்க் காட்டுங்கள்.