ஓர் எண்ணும் இரு காரணிகளும்

பெரிய எண்களைப் பற்றிய ஆராய்ச்சி அன்றாட வாழ்வுக்கு உதவாத வீண் வேலை என்றே நம்மிற் பலர் கருதுகின்றோம். ஆயினும், இணையத்தின் ஊடாக நாம் அனுப்பும் வங்கித் தகவல்களைக் காக்கும் முறைகளுள் முக்கியமான ஒன்று இந்த ஆராய்ச்சியிலேயே தங்கியுள்ளது. இதனை விளங்கிக் கொள்ள ஓர் எண்ணின் வரலாறே போதுமானது.

2 இன் 67 ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்தால் 147,573,952,589,676,412,927 என்ற 21 இலக்க எண் கிடைக்கும். இது முதன்மை எண், அதாவது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் என்று பிரான்ஸ் நாட்டுத் துறவியான மரின் மெர்சென் 1644 இல் எழுதினார். அவர் நிறுவல் எதனையும் தரவில்லை. 1876 இல் எட்வார்ட் லூக்காஸ் என்ற கணிதவியலாளர் அக்கூற்று தவறென நிறுவினார். முதன்மை எண்ணாயின் குறித்தவொரு கணிப்பின் இறுதியில் மீதி பூச்சியமாக வேண்டும். இங்கு அவ்வாறு வரவில்லை. எனினும் எண்ணின் காரணிகள் எவையென அவராலும் கூற முடியவில்லை.

1903 ஒக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் அவற்றை வெளிப்படுத்தினார். அவை 193,707,721, 761,838,257,287 என்பனவாகும். அவர் ஒரு வார்த்தையும் பேசாது கரும்பலகையில் பெருக்கிக் காட்டியதாகவும், மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்காகச் செலவிட்டதாகவும் கூறப்படுகிறது. இந்த எண்ணின் எந்தக் காரணியையும் 134 ஆல் வகுத்தால் மீதி ஒன்றாகவே இருக்கும். இத்தகைய பண்புகள் தேடலைச் சுருக்கிய போதிலும் அதனை இலகுவாக்கவில்லை.

காரணிகளைக் கண்டறிவதற்கு ஆண்டுகள் சென்றன. அவற்றைப் பெருக்கிச் சரிபார்க்கப் பாடசாலை மாணவனுக்குச் சில நிமிடங்கள் போதும். இந்த வேறுபாட்டையே 1977 இல் ரிவெஸ்ட், ஷமிர், அடில்மன் ஆகிய மூவரும் இரகசியக் குறியீட்டுக்குப் பயன்படுத்தினர். அவ்வாண்டு அவர்கள் சவாலாக முன்வைத்த 129 இலக்க எண் 1994 இல், நூற்றுக்கணக்கானோரின் கணினிகள் ஒன்றிணைந்து உழைத்ததாற் பிரிக்கப்பட்டது. 2020 இல் 250 இலக்க எண்ணொன்றும் பிரிக்கப்பட்டது. எனவேதான் இன்று 617 இலக்க எண்கள் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன.

ஆனால், காரணிகளை விரைவாகக் காண வழியே இல்லை என்று இதுவரை எவரும் நிறுவவில்லை. போதிய ஆற்றல் வாய்ந்த குவாண்டம் கணினி உருவானால் அது சாத்தியமாகும் என்பதை 1994 இல் பீற்றர் ஷோர் காட்டினார். அதனைத் தாங்கக்கூடிய புதிய குறியீட்டு நியமங்களை அமெரிக்காவின் தேசிய நியமங்கள் நிறுவனம் 2024 இல் வெளியிட்டது. வங்கிகளும் அரச நிறுவனங்களும் இம்மாற்றத்துக்குக் காலம் தாழ்த்தாது தயாராக வேண்டும்.

அறிஞர் ஒருவர் கூறினார் என்பதற்காக ஒரு கூற்று உண்மையாகிவிடாது. அதுபோலவே, இதுவரை எவராலும் உடைக்க முடியவில்லை என்பதற்காக ஒரு பூட்டு என்றென்றும் பாதுகாப்பானதாகிவிடாது. மெர்சென்னின் கூற்று வீழ்வதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அத்தனை கால அவகாசம் நமக்கும் கிடைக்கும் என எதிர்பார்த்திருப்பது விவேகமாகாது.