மாங்கூழிலிருந்து தோல்மாற்றுப் பொருள்: போச்சம்பள்ளி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

விலங்குத் தோலுக்கும் நெகிழியாலான செயற்கைத் தோலுக்கும் மாற்றாக, மாங்கூழிலிருந்து தாள் உருவாக்கும் நுட்பம் சென்னையில் வடிவம் பெற்றுள்ளது. கிருஷ்ணகிரி மாவட்டப் போச்சம்பள்ளி வட்டாரம் மாந்தோப்புகளையும் வாகன, காலணித் தொழில்களையும் அருகருகே கொண்டது. அந்நுட்பம் இயங்கும் முறை, அதன் எல்லைகள், அப்பொருளுக்குரிய தமிழ்ப்பெயர், வட்டார உழவர்க்கு அதனால் விளையக்கூடிய பயன் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மாங்கூழ், தோல்மாற்று, தோத்தாபுரி, பதனிடுதல், கலைச்சொல், போச்சம்பள்ளி

முன்னுரை

போச்சம்பள்ளி என்றதும் பலர்க்குத் தெலங்கானாவின் பூதான் போச்சம்பள்ளியும் அதன் இக்கத் சேலையுமே நினைவுக்கு வரும். இங்குப் பேசப்படுவது, 2004ஆம் ஆண்டில் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளி. மாவும் தென்னையும் செழித்த இவ்வட்டாரத்தில்தான் ஓலா நிறுவனத்தின் மின்சார இருசக்கர வாகன ஆலை 2021 முதல் இயங்குகிறது. அருகிலுள்ள பர்கூரில் காலணித் தொழில் நடைபெறுகிறது. கிழக்கே சென்றால் வாணியம்பாடியும் ஆம்பூரும். தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். ஒரு பக்கம் கனி, மறுபக்கம் தோலுக்கான தேவை என்னும் இவ்வமைப்பே இக்கட்டுரையின் களமாகும்.

மாற்று ஏன் தேடப்படுகிறது

பண்டு ஆவாரம்பட்டை கொண்டு பதனிடப்பட்ட தோல், பின்னர்ப் பெருமளவில் குரோமிய உப்புகளால் பதனிடப்படலாயிற்று. காலம் குறைந்தது, கழிவு மிகுந்தது. பாலாற்றுப் படுகையின் நிலமும் நீரும் கெட்டமை குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக நிறுவியது. விலங்குத் தோலுக்கு மாற்றாக வந்த செயற்கைத் தோலோ பாலியூரித்தேன் அல்லது பிவிசி பூசிய துணியேயாகும். அது மண்ணில் எளிதில் மக்குவதில்லை.

நுட்பம்

மாங்கூழைப் பாயில் ஊற்றி வெயிலில் அடுக்கடுக்காக உலர்த்தித் தாளாக்குவது நமக்குப் புதிதன்று. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் 'மாமிடி தாண்ட்ரா' என்னும் தின்பண்டம் யாவரும் அறிந்ததே. கூழிலுள்ள பெக்டின் பசைபோல் செயற்பட்டு நாரையும் பிற திண்மங்களையும் பிணைக்கிறது. நீர் வெளியேற வெளியேறத் தாள் உருவாகிறது. இதே இயல்பே புதிய நுட்பத்திற்கும் அடிப்படை. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் கூன் மேர்கெர்க், ஹியூகோ டி பூன் என்னும் வடிவமைப்பாளர் இருவர், இறக்குமதியாளர்கள் ஒதுக்கிய மாம்பழங்களை மசித்து, கொதிக்கவைத்து, பரப்பி உலர்த்தித் தோல்போன்ற தாளை ஆக்கினர். சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் மாங்கூழை உயிர்ம மீச்சேர்மத்துடன் கலந்து தாளாக்கும் முறையை உருவாக்கி, மும்பையைச் சேர்ந்த தொழில்முனைவு நிறுவனம் ஒன்றுக்கு வழங்கியுள்ளது. தோலாராய்ச்சிக்கென அமைந்த நிறுவனமே தோலுக்கு மாற்றுத் தேடியது கருதத்தக்கது.

தின்பண்டத்திற்கும் இத்தாளுக்கும் வேறுபாடு பெரிது. கூழிலுள்ள சர்க்கரை காற்றின் ஈரத்தை ஈர்க்கும், தாள் பிசுபிசுக்கும், பூஞ்சை பற்றும். இதனைத் தடுக்கவே மீச்சேர்மமும் மேற்பூச்சும் தேவைப்படுகின்றன. வலிமையும் ஒரு சிக்கலே. விலங்குத் தோலில் கொலாஜன் இழைகள் முப்பரிமாணத்தில் பின்னிக் கிடக்கின்றன. எத்திசையில் இழுத்தாலும் கிழிசல் எளிதில் பரவுவதில்லை. கூழ்த் தாளில் அத்தகைய பின்னல் இல்லை. அதன் உறுதியில் பெரும்பங்கு அடியில் ஒட்டப்படும் துணியினுடையது. செருமனியின் ஃபிரைபெர்க் நகரத்து ஃபில்க் ஆய்வு நிறுவனத்தார் 2021இல் வெளியிட்ட ஒப்பாய்வு, கள்ளி, ஆப்பிள் சக்கை, அன்னாசி இலைநார் முதலியவற்றாலான மாற்றுகளைச் சோதித்தது. தோலின் எல்லாப் பண்புகளையும் ஒருங்கே பெற்ற பொருள் ஒன்றும் அவற்றுள் இல்லை. சிலவற்றில் பாலியூரித்தேன் கணிசமாக இருந்தது. ஆகவே வெயிலிலும் மழையிலும் நிற்கும் இருசக்கர வாகனத்தின் இருக்கைக்கு இதனைப் பரிந்துரைப்பது இப்போதைக்குப் பொருந்தாது. பணப்பை, கைப்பை, நாட்குறிப்பின் அட்டை ஆகியன பொருந்தும்.

பெயர்

ஆங்கிலத்தில் விலங்கின் தோலுக்கும் பதனிட்ட தோலுக்கும் கனியின் தோலுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழில் மூன்றும் தோலே. தொல்காப்பிய மரபியல் தாவர உறுப்புப் பெயர்களை வகுக்குமிடத்துக் காய், பழம் ஆகியவற்றோடு தோலையும் எண்ணுகிறது. (செய்யுளியலில் 'தோல்' எண்வகை வனப்புகளுள் ஒன்று, அது வேறு பொருள்.) எனவே 'மாந்தோல்' என்று சொன்னால் கேட்பவர் பழத்தின் மேலுறையையே கொள்வார். பன்னாட்டுத் தர அமைப்பின் 15115ஆம் எண் தோற்கலைச்சொல் தரமும், இயற்கை இழையமைப்புச் சிதையாது பதனிடப்பட்ட விலங்குத் தோலுக்கே 'தோல்' என்னும் பெயரை உரித்தாக்குகிறது. வாங்குவோர் மயங்காதிருக்க 'மாங்கூழ்த் தாள்' என்னும் பெயரே தகுதியுடையது எனக் கருதுகிறேன். விற்பனையாளர் விரும்புவரா என்பது வேறு.

உழவர்க்கு என்ன பயன்

கிருஷ்ணகிரி மாவட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் டன் மாம்பழம் தருகிறது. கூழாலைகள் பெரிதும் நம்பியிருப்பது தோத்தாபுரியை. 2025 பருவத்தில் அதன் விலை கடுமையாகச் சரிந்தது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் எனவும், அதில் 4 ரூபாயை அரசே தரும் எனவும் அறிவித்தது. சித்தூர் மாவட்டம் வெளிமாநிலத் தோத்தாபுரி நுழைவதைத் தடுத்தது. எல்லையோர உழவர்க்கு இருந்த ஒரு வாயிலும் அவ்வாறு அடைபட்டது. இந்நிலையில் 'மாம்பழத்திலிருந்து தோல்' என்னும் செய்தி நம்பிக்கை ஊட்டுவது இயல்பே. கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு சதுர மீட்டர் தாள் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடையது என்றும், அதில் பாதி மாவின் திண்மம் என்றும் கொள்வோம். கூழில் திண்மம் 15 விழுக்காடு எனின், 500 கிராம் திண்மத்திற்கு 3.3 கிலோ கூழ் வேண்டும். பழத்தின் எடையில் பாதி கூழாகும் எனின், அதற்கு 6.7 கிலோ பழம். அதாவது ஒரு டன் பழத்திலிருந்து 150 சதுர மீட்டர். மாவட்ட விளைச்சலில் ஒரு விழுக்காட்டை, அதாவது 3,000 டன்னைத் தாளாக்கினால் நான்கரை இலட்சம் சதுர மீட்டர் கிடைக்கும். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு அது மிகப்பெரிய அளவு. விளைச்சல் மிகுந்த பருவத்தின் விலையைத் தாங்கிப் பிடிப்பதற்கோ மிகச்சிறிய அளவு. கூழுக்குப் பழச்சாறு நிறுவனங்களின் சந்தை ஏற்கெனவே உள்ளமையால், தாள் செய்வோர் அதற்கு உயர்ந்த விலை தருவர் என எதிர்பார்ப்பதற்கும் இடமில்லை.

எனது நோக்கில் கருதத்தக்க மூலப்பொருள் கூழன்று, கூழாலை கழிக்கும் தோலும் கொட்டையுமே. பழத்தின் எடையில் இவை இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. கொட்டைப் பருப்பின் கொழுப்புக்குச் சந்தை உண்டு. சாக்லேட்டில் ஐந்து விழுக்காடு வரை சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டின் நெறிமுறையில் இசைவளித்த ஆறு தாவரக் கொழுப்புகளுள் அதுவும் ஒன்று. பழத்தோலில் பெக்டினும் நாரும் மிகுதி, சர்க்கரை கூழைவிடக் குறைவு. தாளுக்கு வேண்டிய இயல்புகள் இவையே. நிறம் கருப்பதும் சொரசொரப்பும் குறைகள். ஆயினும் அடர்நிறப் பைகளுக்கும் அட்டைகளுக்கும் அவை பெருந்தடையாகா. பெருந்தடை ஈரமே. பிழிந்த பழத்தோல் சில நாள்களிலேயே புளித்துக் கெடும். தொலைவுக்கு ஏற்றிச் சென்றால் கூலியில் பெரும்பகுதி நீரைச் சுமப்பதற்கே செலவாகும். ஆதலால் தாள் மும்பையிலோ சென்னையிலோ உருவாகலாம். தோலைக் கழுவி, அரைத்து, உலர்த்தும் களம் மட்டும் போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் போன்ற ஊர்களில் கூழாலைகளை ஒட்டியே அமைந்தாக வேண்டும். பருவம் இரண்டு மூன்று மாதங்களே என்பதால், எஞ்சிய காலத்தில் அதே உலர்களத்தைத் தென்னை சார்ந்த பொருள்களுக்குப் பயன்படுத்த இயலுமா என்பதும் உடன் ஆராயப்பட வேண்டும்.