யந்திரமும் நாமும் – 14: சூடேறாத என்ஜின்

மார்கழி, தை மாதங்களில் உதகமண்டலத்தில் விடியற்காலையில் பெட்ரோல் வண்டியை எடுப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: வெகுதூரம் ஓடியும் உஷ்ணமானியின் முள் அடியைவிட்டு எழும்புவதில்லை, வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்தாலும் ஆர்.பி.எம். 1,300, 1,400 என்று இரைச்சல் தணியாமலே இருக்கிறது. இவற்றைத் தனித்தனி வியாதிகளாக எண்ணி ஐட்லிங்கை மட்டும் குறைத்து வைத்தால், மறுநாள் குளிரில் என்ஜின் கிளம்பிய மாத்திரத்தில் அணைந்துபோகலாம். பெரும்பாலும் இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றே.

குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாமல் உலோகச் சுவர்களில் ஈரமாகப் படிந்துவிடுவதால், அதை ஈடுசெய்யக் கம்ப்யூட்டர் கூடுதலான பெட்ரோலையும் காற்றையும் அனுப்பிச் சுற்றை உயர்த்துகிறது. கூலண்ட் சூடேற ஏற அந்தச் சலுகையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, சாதாரணமாக 700க்கும் 900க்கும் இடையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆகவே, இரைச்சல் அடங்காதபோது விசாரிக்க வேண்டியது, என்ஜின் மெய்யாகவே குளிர்ந்திருக்கிறதா, அல்லது குளிர்ந்திருப்பதாகப் பொய்ச் செய்தி போகிறதா என்பதைத்தான்.

முதலில் கூலண்ட் அளவைப் பாருங்கள். அது குறைந்து உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் சென்சார் சரியான உஷ்ணத்தை உணராது. ரேடியேட்டர் மூடியை ஆறிய என்ஜினில் மட்டுமே திறக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால், இரவெல்லாம் நின்ற வண்டியைக் கிளப்பி, பேனுக்கு எட்டாத இடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸை விரல்களால் பற்றிப் பாருங்கள். சில நிமிஷங்கள் சில்லென்றிருந்து, பிறகு சட்டென்று கொதிப்பேறினால் தெர்மோஸ்டாட் தன் கடமையைச் செய்கிறது. கிளப்பியது முதலே கொஞ்சங்கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறினால் அது திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது அங்கே இல்லவே இல்லை.

இல்லாதிருப்பது நம் பக்கத்தில் அபூர்வமன்று. தெர்மோஸ்டாட்டின் சிறு கிண்ணத்தில் அடைத்த மெழுகு சுமார் 82 முதல் 88 டிகிரி செல்ஷியஸில் உருகி விரிந்து வால்வைத் தள்ளும் வரையில், கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றிவர வேண்டும் என்பது ஏற்பாடு. சமவெளியின் வெயிலுக்கு இது வேண்டாத தடை என்ற தவறான அபிப்பிராயத்தால் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அந்த வண்டி மலையேறிய பின், குன்னூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது கவனியுங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்க இறங்க முள்ளும் கீழே இறங்கும்.

ஹோஸ் ஒழுங்காகச் சூடேறியும் சுற்று குறையாவிட்டால், சந்தேகம் கூலண்ட் சென்சாரின்மீது விழ வேண்டும். வண்டியைக் கிளப்புமுன் ஸ்கேனரைச் செருகினால், விடியற்காலையில் கூலண்டின் உஷ்ணமும் உள்ளே இழுக்கும் காற்றின் உஷ்ணமும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிய வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் அவற்றில் ஒன்று பொய் சொல்கிறது. கூலண்ட் கணக்கு மைனஸ் 40 என்று நின்றால் பெரும்பாலும் வயர் அறுந்திருக்கும். சென்சாரும் சரியென்றால், வெடித்த வாக்குவம் ஹோஸைத் தேட வேண்டியதுதான்.

அசட்டை செய்யத்தக்க விஷயமன்று இது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, ஆயிலில் கலந்து அதன் வலுவைக் குறைக்கிறது, பிளக்குகளில் கரி படிகிறது, மைலேஜும் குறைகிறது. உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று மெக்கானிக்கை இன்றே கேளுங்கள். கழற்றியிருந்தால், உங்கள் வண்டிக்குக் குறித்த டிகிரியிலேயே புதிதாக ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள்.

(தொடரும்)